ஒன்பதாவது விடை

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
வினிபெக், போர்ட்டேஜ் அவென்யூ, ஏழாம் மாடி.
ஹீட்டர் பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்க
கருவி ஒன்றைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தோம், மூன்று பேர்.

எந்தப் பேருந்து எப்போது வரும் என்று
கேட்கிற செயலிகளுக்கெல்லாம் பதில் சொல்வது
எங்கள் ஏபிஐ.
அறுபத்துமூன்று வாசல்கள் அதற்கு.
ராத்திரிதோறும் எல்லாவற்றையும் தட்டிப் பார்க்க வேண்டும்,
தட்டினால் என்ன சொல்லும் என்று எழுதியும் வைக்க வேண்டும்.
ஒரே கருவி இரண்டையும் செய்தால்
பட்ஜெட் தாங்கும் என்றார் ஷெல்டன் டெலோர்ம்.

ஒக்ஸானாவுக்கு முதலாவது பிடித்துப்போயிற்று.
கல்யாணப் பத்திரிகை மாதிரிப் பக்கங்கள்,
வழவழவென்று, ஓரமெல்லாம் பச்சை.
இரண்டாவது மலிவு, அதைத் தவிரச் சொல்ல எதுவுமில்லை.
மூன்றாவது
கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து,
சிடுசிடுத்த குமாஸ்தா.
ஆவணம் ஒன்று சொல்லி சர்வர் வேறு சொன்னால்
எதையும் வெளியிட மாட்டேன் என்று உட்கார்ந்துவிடும்.
இதோடு யார் மல்லுக்கட்டுவது?

எனக்கோ ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் பாடம்.
விடை எட்டு வகை.
ஆடுவாயா என்றால்
ஆடேன் என்பது மறை விடை: நானூற்று நான்கு.
கால் வலிக்கிறது என்பது உற்றது உரைத்தல்,
ஐந்நூறு, பாவம், நிஜமாகவே வலிக்கிறது.
எண் கேட்டால் பெயர் தருகிற எங்கள் பதினேழாம் வாசல்
பாடுவேன் என்கிற இனமொழி.
எல்லாம் விடைதான்.
எல்லாவற்றோடும் குடித்தனம் நடத்தலாம்.
ஆடப் போவதே இல்லை,
ஆனால் ஆடுவேன் என்று சிரித்து
இருநூறு தருகிறதே ஒன்று,
அதற்கு அந்தப் புத்தகத்தில் பெயரில்லை.

மடிக்கணினியைத் திருப்பி
ஒரு புகாரைக் காட்டினேன்.
மரிவிக் பலுயோத். முதியோர் இல்லத்தில் இரவுப் பணி.
கீவாட்டின் தெரு நிறுத்தம், டிசம்பர் பத்தொன்பது.
நான்கு நிமிடம் என்றது செல்பேசி.
ஆறு நிமிடம் போனது.
நான்கு நிமிடம்.
இருபது போனது.
நான்கு நிமிடம்.
ஒவ்வொரு முறையும் திரையைத் தொட
கையுறையைக் கழற்ற வேண்டியிருந்தது.

அந்தப் பேருந்தைச் சாயங்காலமே ரத்து செய்திருந்தார்கள்.
ரத்தானால் நானூற்று நான்கு தருவோம் என்று
ஆவணத்தில் எழுதியது நான்தான்,
நிறுத்தற்குறி பிசகாமல், உதாரணத்தோடு.
ஏட்டில் நன்றாகவே காய்த்திருந்தது
என் சுரைக்காய்.

இரண்டு விரல்நுனிகள் வெளுத்துவிட்டன அவளுக்கு.
புகாரில் கோபமே இல்லை. கடைசி வரி மட்டும்:
"வராது என்று சொல்லியிருந்தால் நடந்திருப்பேன்."

ஹீட்டர் நின்றது, மறுபடி தொடங்கியது.
ஷெல்டன் விலைப்பட்டியலை மடித்து
காபிக் கோப்பைக்கு அடியில் வைத்தார்.
ஒக்ஸானா வெள்ளைப் பலகையில்
மூன்று என்ற எண்ணைச் சுற்றி
வட்டம் போட்டாள், அது முட்டையாக வந்தது.

முதல் ஓட்டம்:
அறுபத்துமூன்றில் நாற்பத்தொன்று சிவப்பு.
மிளகாய் காயப்போட்டது போலத் திரை முழுக்க.
ஒக்ஸானா கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.
மார்ச் வரை ஆயிற்று.
சர்வரைத் திருத்தினோம்,
அதைவிட அதிகம் என் வாக்கியங்களை.
"எப்போதும்" என்ற சொல்லை மட்டும்
பதினோரு இடத்தில் எடுத்தேன்.

நேற்று இரவு, பனி சரிந்து விழுகிற பதினொன்றரை மணிக்கு,
கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று
கையுறையைக் கழற்றிக் கேட்டேன்.

இந்தப் பேருந்து வராது.

பல் கிட்டிக்கொண்டிருந்தது, இருந்தாலும் சிரிப்பு.
கையுறையை மாட்டிக்கொண்டு
நடந்தேன்.